கேள்வி–பதில்: வீட்டில் ஒரு கிட் சர்வர்

போன இதழில், நாம் எழுதும் நிரலை நம் வீட்டு சர்வரிலேயே ஊருக்குத் திறந்து வைக்கலாம் என்று போகிற போக்கில் இரண்டு வரி எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு வந்த கேள்விகளே இந்த முறை பக்கம் முழுவதையும் எடுத்துக்கொண்டன. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடங்களில் ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். புதிதாக வருபவர்களுக்கு ஒரு வார்த்தை: கிட் என்பது நிரலில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் வரலாறாகச் சேர்த்து வைக்கும் மென்பொருள். அப்படிச் சேர்த்த ஒரு மாற்றம் கமிட், ஒரு திட்டத்தின் கோப்புகளும் வரலாறும் சேர்ந்தது ரிப்போ, அதைச் சர்வருக்கு அனுப்புவது புஷ், முழுதாக நகலெடுத்துக்கொள்வது குளோன். கிட்ஹப் என்பது இந்த ரிப்போக்களை இணையத்தில் வைக்க இடம் கொடுக்கும் தளம்.

கிட்ஹப் இலவசமாகக் கிடைக்கும்போது எதற்கு சார் இந்த வேலை? வீட்டில் ஒரு பெட்டியை ராத்திரி பகலாக ஓடவிட்டு என்ன லாபம்?
(கல்லூரி மாணவர், கோவை)

வேலை தேடப்போகிற நேரம் என்றால் கிட்ஹப்பிலேயே இருங்கள் தம்பி. ஆள் எடுப்பவர்கள் அங்கேதான் வந்து பார்ப்பார்கள், உங்கள் வீட்டு சர்வரைத் தேடிக்கொண்டு யாரும் வரமாட்டார்கள்.

ஆனால் இலவசமாக இடம் கொடுப்பவர் என்றைக்கும் கொடுப்பார் என்று யாரும் எழுதித் தரவில்லை. கூகுள் கோட் என்று ஒன்று இருந்தது, 2015 மார்ச்சில் மூடப்போகிறோம் என்றார்கள், 2016 ஜனவரியில் மூடிவிட்டார்கள். அதே மாதிரித் தளமான கிட்டோரியஸ் 2015லேயே போய்விட்டது. பிட்பக்கெட் என்ற இன்னொரு தளம் 2020ல் மெர்குரியல் (கிட் மாதிரியே வேறொரு மென்பொருள்) ரிப்போக்களை அடியோடு தூக்கியது. கிட்ஹப்பை 2018ல் மைக்ரோசாஃப்ட் 750 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. அதற்கு அடுத்த ஆண்டே அமெரிக்கப் பொருளாதாரத் தடையைக் காட்டி ஈரான், சிரியா, கிரீமியா பக்கத்து ஆட்களின் கணக்குகளுக்குக் கட்டுப்பாடு வந்தது. நம் ஊரிலும் நடந்திருக்கிறது. 2014 டிசம்பரில் கிட்ஹப் உட்பட 32 தளங்களை முடக்கச் சொல்லி அரசு உத்தரவு போட்டது, சில நாட்களில் திரும்ப விட்டார்கள் என்பது வேறு விஷயம்.

எனக்குப் பிடித்த உதாரணம் 2024 மார்ச் இறுதியில் நடந்தது. எக்ஸ்இசட் என்ற சுருக்க மென்பொருளுக்குள் யாரோ கள்ளக்கதவு வைத்திருப்பதை ஆண்ட்ரெஸ் ஃப்ராயண்ட் என்ற பொறியாளர் கண்டுபிடித்தார். கிட்ஹப் அந்த ரிப்போவையே முடக்கிவிட்டது. பாதுகாப்புக்காகச் செய்ததுதான், ஆனால் உலகமே அந்த நிரலைத் தோண்டிப் பார்க்கத் துடித்த நேரத்தில் அதன் முதன்மைப் பக்கம் இல்லை. அந்தத் திட்டத்துக்குச் சொந்தமாக ஒரு கிட் சர்வரும் இருந்ததால் வரலாறு முழுவதையும் அங்கே போய்ப் பார்க்க முடிந்தது.

ஆகவே நான் சொல்வது, மூலப் பிரதி உங்களிடம் இருக்கட்டும், கிட்ஹப்பில் ஒரு நகல் இருக்கட்டும். கிட்டில் இதைச் செய்வது ஒன்றும் கஷ்டமில்லை, ஒரே புஷ்ஷில் இரண்டு இடத்துக்கும் போகும்படி வைத்துக்கொள்ளலாம்.

இங்கேயே இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கீழே வரும் பாதிப் பதில்களுக்கு இதுதான் அடிப்படை. உங்கள் நிரலை ஊரில் எல்லோரும் வந்து படிக்கலாம், எடுத்துப் போகலாம் என்று வைப்பது ஒரு வேலை. ஊரில் எல்லோரும் தங்கள் நிரலைக் கொண்டுவந்து உங்கள் வீட்டில் வைக்கலாம் என்று திறந்துவிடுவது வேறு வேலை. முதலாவதை ஒரு பழைய லேப்டாப்பும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் இருந்தால் செய்துவிடலாம். இரண்டாவது முழுநேர உத்தியோகம், சம்பளம் கிடையாது.

2013 வாக்கில் வாங்கிய ஐ3 லேப்டாப், 4 ஜிபி ராம். கிட்லேப் போடலாமா, கிட்டீயா, ஃபோர்ஜேயோவா, காக்ஸா? ஒவ்வொருவர் ஒன்று சொல்கிறார்கள் அண்ணா.
(மதுரை வாசகர்)

நான்குமே கிட்ஹப் மாதிரி ஒரு தளத்தை நம் சர்வரிலேயே நடத்த உதவும் மென்பொருட்கள். கிட்லேப் வேண்டாம். நல்ல மென்பொருள்தான், ஆனால் ஒரு கம்பெனிக்கே வேண்டிய எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு வரும். 4 ஜிபியில் அது உட்கார்ந்தால் வேறு எதுவும் நகராது.

மற்ற மூன்றும் ஒரே குடும்பம். காக்ஸ் 2014ல் கோ மொழியில் எழுதப்பட்டது. ஒருவர் கையிலேயே எல்லா முடிவும் இருக்கிறது என்று பொறுமையிழந்தவர்கள் 2016 இறுதியில் பிரிந்து போய் கிட்டீயை ஆரம்பித்தார்கள். 2022 அக்டோபரில் கிட்டீயின் பெயரும் டொமைனும் (தளத்தின் இணையப் பெயர்) ஒரு கம்பெனி கைக்குப் போயிருப்பது வெளியே தெரிய வந்ததும், அதற்கு ஒப்பாதவர்கள் அந்த ஆண்டு டிசம்பரில் ஃபோர்ஜேயோவைத் தொடங்கினார்கள். பெர்லினில் பதிவு செய்த கோட்பெர்க் என்ற லாபநோக்கமற்ற சங்கம் அதற்குப் பின்னால் நிற்கிறது. கோட்பெர்க்கின் பொதுத் தளமே ஃபோர்ஜேயோவில்தான் ஓடுகிறது, அதாவது எழுதுபவர்களே தினமும் அதை வைத்துப் பிழைக்கிறார்கள். எனக்கு அதனாலேயே நம்பிக்கை. கிட்டீயும் குறை சொல்ல முடியாத சரக்குதான். ஒன்று மட்டும் கவனியுங்கள்: கிட்டீயின் 1.22 பதிப்பு வரை ஃபோர்ஜேயோவுக்கு நேரடியாகத் தாவ வழி இருந்தது, அதற்குப் பிந்தைய பதிப்புகளிலிருந்து கிடையாது. முதலிலேயே யோசித்து ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டுமே சில நூறு எம்பி ராமில் ஓடிவிடும், தரவுத்தளமாக எஸ்க்யூலைட் போதும், தனியாக போஸ்ட்கிரஸ் எல்லாம் ஏற்ற வேண்டாம்.

காக்ஸ் பக்கம் போகாதீர்கள். 2025 டிசம்பரில் அதில் ஒரு ஓட்டை வெளியானபோது, இணையத்தில் திறந்திருந்த சுமார் 1,400 சர்வர்களில் 700க்கும் மேல் ஏற்கெனவே யாரோ உள்ளே புகுந்துவிட்டிருந்தார்கள். அந்த ஓட்டைக்கு அப்போது திருத்தமும் வந்திருக்கவில்லை.

இன்னும் எளிமையாக வேண்டுமா? எழுதுவது நீங்கள் ஒருவர் மட்டும், மற்றவர்கள் பார்த்தால் போதும் என்றால், சிகிட் என்று சி மொழியில் எழுதிய சின்ன நிரல் இருக்கிறது. லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலின் அதிகாரபூர்வ கிட் தளத்தில் பார்க்கிறீர்களே, அதேதான். கணக்கு, கடவுச்சொல், புகார்ப்பெட்டி எதுவும் கிடையாது. ஸ்டாகிட் இன்னும் ஒரு படி கீழே. ஒவ்வொரு புஷ்ஷுக்கும் ஒருமுறை எச்டிஎம்எல் பக்கங்களை எழுதி வைத்துவிட்டுத் தூங்கப் போய்விடும்.

லேப்டாப் சர்வருக்கு நல்லது, பேட்டரியே யூபிஎஸ் மாதிரி. ஆனால் வருஷக்கணக்கில் சார்ஜரிலேயே கிடந்த பேட்டரி உப்பும். டச்பேட் மேலே எழும்பியிருக்கிறதா, மூடி சரியாக மூடுகிறதா என்று பாருங்கள். உப்பியிருந்தால் கழற்றிவிடுங்கள், அதற்கு மேல் ஒரு நாள்கூட வேண்டாம். ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு ஒரு எஸ்எஸ்டி போடுங்கள். ராஸ்பெரி பை என்ற கையடக்கக் கணினியில் ஓட்டப் போகிறேன் என்று எழுதியிருந்தவர்களுக்கும் அதேதான், மெமரி கார்டை நம்பி ரிப்போ வைக்காதீர்கள்.

எல்லாம் போட்டுவிட்டேன். வீட்டு வைஃபையில் அருமையாகத் திறக்கிறது. நண்பன் வீட்டிலிருந்து திறக்கவே இல்லை. ரவுட்டரில் போர்ட் (வெளியிலிருந்து உள்ளே வரும் வழி) எல்லாம் திறந்து பார்த்துவிட்டேன்.
(சென்னை, திருச்சி, ஓசூரிலிருந்து இதே கேள்வி)

ரவுட்டர் பக்கத்துக்குள் போய் வேன் ஐபி (WAN IP) என்று போட்டிருக்கும் எண்ணைப் பாருங்கள், வெளி உலகத்துக்கான முகவரி அது. அது 100.64க்கும் 100.127க்கும் இடையில் இருந்தாலோ, 10ல் தொடங்கினாலோ, உங்களுக்கென்று தனியாக ஒரு முகவரியே கிடையாது. ஐபிவி4 என்ற பழைய வகை இணைய முகவரிகள் தீர்ந்துபோனதால் இணைய நிறுவனங்கள் பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைக்கிறார்கள், சிஜிநாட் என்பார்கள். உள்ளிருந்து வெளியே போகலாம். வெளியிலிருந்து வருகிறவருக்கு எந்த வீடு என்று தெரியாது. நீங்கள் ரவுட்டரில் போர்ட்டைத் திறந்தாலும் அதற்கு மேலே இருக்கும் நிறுவனத்தின் பெட்டியில் திறந்தால்தானே ஆகும்.

மாதம் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்து நிலையான ஐபி வாங்கலாம், பல நிறுவனங்கள் கேட்டால் தருகின்றன. கஸ்டமர் கேரில் பேசுபவருக்குப் பாதி நேரம் அப்படி ஒன்று இருப்பதே தெரியாது, பொறுமையாக அடுத்த ஆளிடம் மாற்றச் சொல்லுங்கள். இல்லையென்றால் ஐபிவி6 என்ற புதிய வகை முகவரி. இன்று பல ஃபைபர் இணைப்புகளில் அது தானாகவே வருகிறது, ஒவ்வொரு கருவிக்கும் சொந்த முகவரி. ரவுட்டரின் ஃபயர்வாலில் அந்த ஒரு கருவிக்கு மட்டும் உள்ளே வர அனுமதி கொடுத்தால் வேலை முடிந்தது, ஆனால் ஐபிவி6 இல்லாத அலுவலகத்தில் உட்கார்ந்து பார்ப்பவருக்கு உங்கள் தளம் இல்லவே இல்லை.

கிளவுட்ஃப்ளேர் டனல் (வீட்டு சர்வரை அந்த நிறுவனத்தின் வழியாக வெளியே காட்டும் சேவை) பற்றியும் பலர் கேட்டிருக்கிறீர்கள். காசில்லாமல் ஐந்து நிமிடத்தில் வேலை முடியும். இரண்டு சிக்கல். இலவசத் திட்டத்தில் ஒரு கோரிக்கைக்கு 100 எம்பிதான், பெரிய ரிப்போவை முதல்முறை புஷ் செய்யும்போது 413 என்று பிழை காட்டி நின்றுவிடும், ஏன் என்று தெரியாமல் மண்டை காயும். அப்புறம் எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் பாதுகாப்பான இணைப்பு) வழியாக யாராவது குளோன் செய்ய வேண்டுமென்றால் அவர்கள் கணினியிலும் ஒரு நிரல் போட வேண்டும். பொதுமக்களிடம் அதைக் கேட்க முடியாது, பிரவுசர் பயன்படுத்தும் எச்டிடிபிஎஸ் வழியை மட்டும் கொடுங்கள்.

நான் பரிந்துரைப்பது வேறு. மாதம் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சின்ன விபிஎஸ் (இணையத்தில் வாடகைக்குக் கிடைக்கும் சர்வர்) ஒன்றை வாசலில் நிறுத்துங்கள். வீட்டுப் பெட்டிக்கும் அதற்கும் வயர்கார்ட் என்ற பாதுகாப்பான தனி இணைப்பு. டொமைன் விபிஎஸ்ஸைக் காட்டும், சர்ட்டிபிகேட் அங்கே, வடிகட்டுவதும் அங்கே, சரக்கு மட்டும் வீட்டில். அப்படியானால் எல்லாவற்றையும் விபிஎஸ்ஸிலேயே வைத்துவிடலாமே என்று கேட்பீர்கள். தாராளமாக வைக்கலாம்! டிஸ்க் நிறைய வேண்டும், நம் தரவு நம் கையில் இருக்க வேண்டும் என்கிறவர்களுக்குத்தான் வீடு. இந்த ஏற்பாட்டின் பெரிய நன்மை, வீட்டு ஐபி யாருக்கும் தெரியாது. சோர்ஸ்ஹட் என்ற நிரல் தளத்தையே 2024 ஜனவரியில் யாரோ டிடாஸ் தாக்குதலில் (பல இடங்களிலிருந்து கோரிக்கைகளைக் குவித்து முடக்குவது) நாட்கணக்கில் படுக்கவைத்தார்கள். அதில் நூறில் ஒரு பங்கு உங்கள் வீட்டு ஃபைபருக்கு வந்தால் சர்வர் மட்டுமா போகும், டிவி, பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்பு எல்லாமே போகும்.

கேமரா, டிவி, என் ஆபீஸ் லேப்டாப் எல்லாம் அதே வைஃபையில்தான். ஆபத்தா?
(ஈரோடு)

ஆம். ரவுட்டரில் கெஸ்ட் நெட்வொர்க் இருந்தால் சர்வரை அதில் தள்ளுங்கள். எஸ்எஸ்எச்சில் கடவுச்சொல் வழியை மூடி, சாவிக் கோப்பு மட்டும். சிசிடிவி பெட்டிகளில் பாதி, வாங்கிய நாளிலிருந்து அப்டேட்டே பார்க்காதவை, சர்வருக்கும் அவற்றுக்கும் பேச்சுவார்த்தையே வேண்டாம்.

யாருமே என் தளத்தைப் பார்ப்பதில்லை என்று நினைத்திருந்தேன். ஒரு நாள் ஃபேன் அலறுகிறது, லாக் என்ற வருகைப் பதிவைத் திறந்தால் நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கில் கோரிக்கைகள், எல்லாம் வெவ்வேறு நாட்டு ஐபி. டிஸ்க் வேறு நிரம்பிவிட்டது. என் நிரலில் அப்படி என்ன இருக்கிறது?
(வாசகி, திருநெல்வேலி)

உங்கள் நிரலில் ஒன்றும் இல்லை அம்மா, கோபித்துக்கொள்ளாதீர்கள். எல்லோர் நிரலுக்கும் இதுதான் நடக்கிறது. ஏஐ மாடல்களுக்குத் தீனி தேடி அலைகிற பாட்கள் (தானாகவே பக்கங்களைத் திறக்கும் நிரல்கள்) இவை. ஒரு கிட் தளம் அவற்றுக்குக் கரை தெரியாத கடல். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 200 கோப்பு, 1,000 கமிட் இருக்கிற ஒரு சாதாரண ரிப்போ. ஒவ்வொரு கமிட்டிலும் ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு பக்கம் என்றாலே 2 லட்சம். அதையே எந்த வரியை யார் எழுதியது என்று காட்டும் பக்கம், வரலாற்றுப் பக்கம், வெறும் உரைப் பக்கம் என்று பார்த்தால் ஏழெட்டு லட்சம். மனிதன் யாரும் இதில் நூறைக்கூடத் திறக்கமாட்டான். பாட் கண்ணில் பட்ட சுட்டியை எல்லாம் அழுத்தும். ஒவ்வொரு முறையும் உங்கள் பெட்டி கிட்டைக் கூப்பிட்டு, பழைய கமிட்டைத் தோண்டி, பக்கம் சமைத்துத் தர வேண்டும். இத்தனைக்கும் அந்த பாட் ஒரே ஒரு தடவை குளோன் செய்திருந்தால் எல்லாமே அதன் கையில் இருந்திருக்கும், அந்த அளவு யோசனைகூட எழுதியவர்களுக்கு இல்லை.

டிஸ்க் ஏன் நிரம்பியது? ஒவ்வொரு கமிட்டையும் ஜிப்பாக இறக்கிக்கொள்ளும் சுட்டி இருக்கிறதல்லவா, அதையும் பாட் அழுத்துகிறது. கேட்டவுடன் சர்வர் ஒரு ஜிப் செய்து அடுத்தவருக்கு உதவும் என்று டிஸ்கில் எடுத்து வைக்கிறது. ஆயிரம் கமிட் என்றால் ஆயிரம் ஜிப், ஒவ்வொன்றிலும் மொத்தத் திட்டமும். முதல் வேலையாக அந்த வசதியை அமைப்புக் கோப்பில் முடக்குங்கள், தேங்கியிருக்கும் ஜிப்களை அழித்துவிடுங்கள். நிர்வாகப் பக்கத்திலேயே அதற்குப் பொத்தான் இருக்கிறது, ரிப்போவுக்கு எந்தச் சேதமும் வராது.

ஐபியைத் தடுத்துப் பயனில்லை என்பதை நீங்களே கண்டிருப்பீர்கள். பல பாட்கள் வீட்டு இணைப்புகளின் முகவரிகளை வாடகைக்கு எடுத்துக்கொண்டு வருகின்றன, ஒரு முகவரியிலிருந்து ஒன்றோ இரண்டோ கோரிக்கை, அவ்வளவுதான். சோர்ஸ்ஹட்டை நடத்தும் ட்ரூ டிவால்ட் 2025 மார்ச்சில் இதைப் பற்றிக் கொதித்துப்போய் எழுதினார், தன் வேலை நேரத்தில் பெரும்பங்கு இந்தப் பாட்களோடு மல்லுக்கட்டுவதிலேயே போகிறது என்று. ரோபோட்ஸ் கோப்பில் வராதே என்று எழுதி வைப்பதை கூகுள் மாதிரி பெரிய தேடுபொறிகள் மதிக்கும். இவை மதிப்பதில்லை. எழுதி வையுங்கள், ஆனால் நம்பாதீர்கள்.

இப்போது பரவலாகப் போடுவது அனுபிஸ் என்ற காவல்காரன். ஸீ ஐயாசோ என்பவர் தன்னுடைய கிட் சர்வரை அமேசான் பாட் ஒன்று போட்டுப் புரட்டியதில் வெறுத்துப்போய் 2025 ஜனவரியில் எழுதியது. பக்கம் கேட்டு வருகிற பிரவுசரிடம் முதலில் ஒரு சின்னக் கணக்கைக் கொடுக்கும். மனிதர் என்றால் ஓரிரு நொடி காத்திருந்தால் போதும், லட்சக்கணக்கில் பக்கம் கேட்கும் பாட்டுக்கு அதுவே கட்டுப்படியாகாத செலவு. லினக்ஸ் டெஸ்க்டாப்பான க்னோம் போன்ற பெரிய திட்டங்களே இதைப் போட்டிருக்கின்றன. பிரவுசர் வேஷத்தில் வருபவர்களிடம் மட்டுமே இது கணக்குக் கேட்கும், ஆகவே கிட் குளோன் தடையில்லாமல் நடக்கும். குறையும் உண்டு. ஜாவாஸ்கிரிப்ட்டை அணைத்து வைத்திருப்பவர் உள்ளே வர முடியாது, பழைய கைபேசியில் கணக்குப் போட நேரமாகும். பணம் வைத்திருக்கிற பாட் ஒருநாள் கணக்கையும் போட்டுவிட்டு வரும், அதுவும் தெரிந்ததுதான்.

கிட்டீயின் புதிய பதிப்புகளில் இன்னொரு வழி, செலவு பிடிக்கும் பக்கங்களுக்கு மட்டும் உள்நுழைவு கேட்கும்படி வைக்கலாம். முகப்பும் ரீட்மீ என்ற அறிமுகக் கோப்பும் எல்லோருக்கும், பழைய கமிட்டைத் தோண்டுவது கணக்கு உள்ளவருக்கு மட்டும்.

என்னைக் கேட்டால் வேறு மாதிரி யோசிப்பேன். நிரலைப் படிக்க வருபவருக்கு முகப்பு, ரீட்மீ, இப்போதைய கோப்புகள், குளோன் முகவரி, இவ்வளவு போதும். ஸ்டாகிட் மாதிரி ஒன்றைப் போட்டால் இவை அசையாத எச்டிஎம்எல் பக்கங்கள், ஆயிரம் பாட் வந்தாலும் 4 ஜிபி லேப்டாப் ஃபேன் சுற்றாமல் பரிமாறும். வரலாறு வேண்டியவர் குளோன் செய்துகொள்ளட்டும், அதற்குத்தானே கிட்டே இருக்கிறது.

எங்கள் ஊர் மாணவர் குழுவுக்காகப் பதிவை எல்லோருக்கும் திறந்து வைக்கப் போகிறேன். யார் வேண்டுமானாலும் கணக்கு தொடங்கலாம், எங்கள் சர்வரிலேயே டெஸ்ட் ஓட்டிக்கொள்ளலாம். எப்படி யோசனை?
(யாழ்ப்பாணம்)

நல்ல மனசு. செய்யாதீர்கள்.

பதிவைத் திறந்து வைத்த ஒரு வாரத்துக்குள் சூதாட்டத் தளம், கடன் செயலி, மருந்துக்கடை என்று பெயர் வைத்த கணக்குகள் வரத் தொடங்கும். அவர்களுக்கு உங்கள் நிரல் வேண்டாம், தன்விவரப் பக்கத்தில் ஒரு சுட்டி வைத்துத் தேடுபொறியில் ஏற வேண்டும், அவ்வளவே. மின்னஞ்சல் சரிபார்ப்பு, கேப்சா எல்லாம் அவர்களைக் கொஞ்சம் தாமதப்படுத்தும். அடுத்த ரகம், உங்கள் டிஸ்கைத் திருட்டுப் படக் கிடங்காக்குபவர்கள். கோட்பெர்க்கையே 2025 பிப்ரவரியில் வெறுப்புப் பிரச்சாரக்காரர்கள் குப்பையால் நிரப்பினார்கள்; அங்கே அதைக் கூட்டிப் பெருக்க ஒரு சங்கமே இருக்கிறது, உங்களிடம் யார் இருக்கிறார்கள்? மேலே சொன்ன காக்ஸ் ஓட்டையும் கணக்கு வைத்திருப்பவர் மட்டுமே பயன்படுத்தக்கூடியது. யார் வேண்டுமானாலும் கணக்கு தொடங்கலாம் என்பதுதான் அதில் இயல்பான அமைப்பு, அதனால்தான் அத்தனை சர்வரும் விழுந்தன.

டெஸ்ட் ஓட்டக் கொடுப்பது அதைவிடப் பெரிய வம்பு. முகம் தெரியாதவர் அனுப்பும் நிரலை உங்கள் வீட்டுக்குள் ஓடவிடுகிறீர்கள். கிரிப்டோ நாணயம் தோண்டுபவர்கள் முதலில் தேடுவது இதைத்தான். இந்தத் தொல்லையால்தான் கிட்லேப் 2021ல், இலவசமாக ஓட்டிக்கொள்ள வரும் புதியவர்களிடம் கிரெடிட் கார்டு விவரம் கேட்க ஆரம்பித்தது.

சட்டமும் இருக்கிறது. இந்தியாவில் அடுத்தவர் தரவை வாங்கி வைத்துப் பரிமாறுபவர் யாராக இருந்தாலும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின்படி இடைநிலையாளர். முறையான உத்தரவு வந்தால் உடனே நீக்கினால்தான், அடுத்தவர் போட்டதற்கு நீங்கள் பொறுப்பில்லை என்ற 79ஆம் பிரிவின் பாதுகாப்பு. இலங்கைச் சட்டத்தை அங்கே ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மாணவர்களுக்கு என்ன செய்யலாம் என்றால், பதிவை மூடிவிட்டு நீங்களே ஒவ்வொருவருக்கும் கையால் கணக்கு உண்டாக்கிக் கொடுங்கள். முப்பது பேருக்கு ஒரு மாலை நேரம் ஆகுமா? வெளியாட்கள் திருத்தம் அனுப்ப விரும்பினால் மின்னஞ்சலில் பேட்ச் (மாற்றிய வரிகள் மட்டும் இருக்கும் கோப்பு) அனுப்பட்டும். பழைய முறை என்று முகம் சுளிக்காதீர்கள், லினக்ஸ் கெர்னல் இன்றும் அப்படித்தான் வளர்கிறது. அது பழக்கமில்லாதவர்களுக்கு கோட்பெர்க்கிலோ கிட்ஹப்பிலோ ஒரு நகலை வைத்து, திருத்தக் கோரிக்கைகளை அங்கே வாங்கிக்கொள்ளலாம்.

என் கணவர் ஹால் மூலையில் ஒரு பழைய டெஸ்க்டாப்பை வைத்து, அதை அணைக்கக்கூடாது என்று சீட்டு ஒட்டியிருக்கிறார். இதற்குக் கரண்ட் பில் எவ்வளவு வரும்? கரண்ட் போனால் என்ன ஆகும் என்று கேட்டால் பதில் இல்லை.
(பெயர் வேண்டாம், சேலம்)

பழைய டெஸ்க்டாப் சும்மா இருந்தாலே 60 வாட் சாப்பிடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதத்துக்கு 86 யூனிட். அரசு இலவசமாகத் தரும் யூனிட்டில் பெரும்பங்கு ஹால் மூலைக்கே போகிறது, அப்புறம் ஃபிரிட்ஜும் ஃபேனும் ஓட்டுவது பெரும்பாலும் காசுக்குத்தான். அதே வேலையை 12 வாட்டில் ஓடும் சின்னப் பெட்டியோ லேப்டாப்போ செய்யும், இரண்டு மாதத்துக்கு 17 யூனிட். இந்தப் பக்கத்தை வெட்டி அந்தச் சீட்டுக்குப் பக்கத்திலேயே ஒட்டுங்கள்.

கரண்ட் போனால் தளம் போகும், அவ்வளவுதான், உலகம் நின்றுவிடாது. குளோன் செய்த ஒவ்வொருவரிடமும் முழு வரலாறும் இருக்கிறது, மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்வாரியம் காலையிலிருந்து மதியம் வரை நிறுத்தினாலும் யார் வேலையும் கெடாது. கவலைப்பட வேண்டியது திடீரென்று அணைந்து டிஸ்க்கில் எழுதிக்கொண்டிருந்தது பாதியில் நிற்பதைப் பற்றித்தான். இன்வெர்ட்டர் லைனில் மாட்டுங்கள். ரவுட்டருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் 12 வோல்ட் குட்டி யூபிஎஸ் கிடைக்கிறது, சர்வரை மட்டும் காப்பாற்றிவிட்டு ரவுட்டரை மறப்பவர்கள் நிறையப் பேர்.

ரெய்டு (ஒரே தரவை இரண்டு டிஸ்க்கிலும் எழுதும் ஏற்பாடு) போட்டு இரண்டு டிஸ்க் வைத்திருக்கிறேன். தனியாக பேக்கப் வேண்டுமா?
(பெங்களூர்)

வேண்டும். தவறாக ஒன்றை அழித்தால் ரெய்டு இரண்டு டிஸ்க்கிலும் அதை ஒழுங்காக அழித்துக் கொடுக்கும்.

2017 ஜனவரி 31 அன்று கிட்லேப்பின் சொந்தத் தளத்தில் ஒரு பொறியாளர் இரவு நேரக் குழப்பத்தில் தவறான சர்வரில் தரவுத்தளக் கோப்புறையை அழித்துவிட்டார். 300 ஜிபி இருந்த இடத்தில் நாலரை ஜிபி மிச்சம். ஐந்து வகையான பேக்கப், நகல் ஏற்பாடுகள் வைத்திருந்தார்கள், போய்ப் பார்த்தால் ஒன்றும் உருப்படியாக வேலை செய்யவில்லை. தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன் யாரோ எடுத்திருந்த ஒரு பிரதியிலிருந்துதான் மீண்டார்கள். நடந்ததை ஒளிக்காமல் நேரலையிலேயே காட்டினார்கள், அந்தத் துணிச்சலுக்கு ஒரு கும்பிடு. இதில் நமக்கு வேண்டிய விஷயம்: கிட் ரிப்போக்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. போனது புகார்கள், விவாதங்கள், கணக்குகள், அதாவது தரவுத்தளத்தில் மட்டும் இருப்பவை. உங்கள் சர்வரிலும் அப்படித்தான், ரிப்போவை யாராவது குளோன் செய்து வைத்திருப்பார்கள், தரவுத்தளத்தை யாரும் வைத்திருக்கமாட்டார்கள். ஃபோர்ஜேயோ, கிட்டீ இரண்டிலும் எல்லாவற்றையும் ஒரே கோப்பாக எடுக்கும் டம்ப் கட்டளை உண்டு. தினம் ராத்திரி ஓடவிட்டு, வீட்டுக்கு வெளியே எங்காவது அனுப்புங்கள். மாதம் ஒருமுறை வேறு கணினியில் அதை விரித்துத் தளம் எழும்புகிறதா என்று பாருங்கள்.

கடவுச்சொல்லைத் தெரியாமல் கமிட் செய்து புஷ்ஷும் செய்துவிட்டேன். அடுத்த கமிட்டில் நீக்கிவிட்டேன், போதுமா?
(தஞ்சாவூர்)

போதாது, வரலாற்றில் அப்படியே இருக்கும். முதலில் கடவுச்சொல்லை மாற்றுங்கள், மீதி எல்லாம் அப்புறம். யாரும் பார்த்திருக்கமாட்டார்கள் என்று நினைத்தால் மேலே திருநெல்வேலி வாசகிக்கு எழுதிய பதிலைப் படியுங்கள்.

ஆபீஸ் நிரலை வீட்டு சர்வரில் வைத்துக்கொண்டால் வசதியாக இருக்கும் அல்லவா?
(பெயர், ஊர் வேண்டாம்)

பெயரையும் ஊரையும் மறைத்தீர்களே, அதுவே பதில்.

இரண்டு வருஷம் கழித்துச் சலித்துப்போய் நிறுத்திவிட்டால், என் நிரலைப் பயன்படுத்துபவர்கள் கதி?
(டொராண்டோ)

இதை ஆரம்பிக்கும்போதே யோசித்த ஒரே ஆள் நீங்கள்தான். முதலில் அழிவது டிஸ்க் இல்லை, டொமைன். புதுப்பிக்க மறந்தால் வேறு யாராவது வாங்கி, அதே முகவரியில் அதே பெயரில் விஷம் கலந்த ரிப்போவை வைக்க முடியும், பழைய பழக்கத்தில் குளோன் செய்பவர் அதைத்தான் எடுத்துப் போவார். தளத்தை நிறுத்தினாலும் டொமைனைச் சில ஆண்டுகள் கட்டி வையுங்கள், ஒரே ஒரு பக்கம் போட்டு நகல் எங்கே இருக்கிறது என்று சொல்லுங்கள். வெளியீடுகளுக்கு உங்கள் டிஜிட்டல் கையெழுத்துச் சாவியால் முத்திரை வைத்துப் பழகினால் போலியைக் கண்டுபிடிக்கவும் வழி இருக்கும்.

பிரான்சின் இன்ரியா ஆய்வு நிறுவனம் 2016ல் சாஃப்ட்வேர் ஹெரிடேஜ் என்று ஒரு காப்பகம் தொடங்கியது, உலகின் திறந்த நிரல்களை வரலாற்றோடு சேர்த்துப் பத்திரப்படுத்துகிறார்கள். கிட்ஹப் போன்ற இடங்களுக்கு அவர்களே போய் எடுத்துக்கொள்வார்கள். உங்கள் வீட்டு சர்வர் இருப்பது அவர்களுக்குத் தெரியாது, அவர்கள் தளத்தில் ரிப்போ முகவரியைக் கொடுத்து இப்போதே சேமிக்கச் சொல்லும் வசதி இருக்கிறது, கணக்குகூட வேண்டாம். அனுபிஸ் போட்டிருந்தால் அவர்களுடைய பாட்டுக்கு வழிவிட மறக்காதீர்கள்.